செண்பகவல்லி வாங்கிய முதல் பரிசு

ஒரு காட்டில், அது வெறும் காடாக இருந்தவரைக்கும், யாராவது துரத்தினால்தான் ஓடுவார்கள். பிறகு அந்தக் காட்டை நகராட்சியாகத் தரம் உயர்த்தினார்கள். சாலை வந்தது, சாலைக்கு நடுவே செடி வந்தது, செடிக்குத் தண்ணீர் ஊற்ற லாரி வந்தது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் யாரும் துரத்தாமலே ஓட ஆரம்பித்தார்கள். அதற்கு மாரத்தான் என்று பெயர்.

அந்த ஊரில் செண்பகவல்லி என்று ஒரு எருமை இருந்தாள். தங்கமான குணம். யாரையும் முட்டியதில்லை. உட்கார்ந்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டாள். ஒரு நாள் தலை சுற்றுகிறது என்று வைத்தியர் கொக்கிடம் போனாள். அவர் ஒற்றைக்காலில் நின்றபடியே நாடி பார்த்துவிட்டு, "சர்க்கரை கூடியிருக்கும்மா. கொஞ்சம் நடங்க, முடிஞ்சா ஓடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து புருஷன் கோட்டைச்சாமியிடம் சொன்னாள். கோட்டைச்சாமி வாயில் இருந்த வைக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது.

"நீ ஓடப்போறியா? முதல் திருப்பத்துல பச்சையா புல்லு நிக்கும். அதோட உன் ஓட்டம் முடிஞ்சுது."

இதைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. டீக்கடையிலும் போய்ச் சொல்லிவிட்டது. தெருவே சிரித்தது. செண்பகவல்லி அன்று சாயங்காலமே போய் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. கடைசி ஆளாக வந்தாலும் சரி, அந்த முடிவுக்கோட்டை ஒரு தடவை தாண்டிவிட வேண்டும். தாண்டிவிட்டு டீக்கடை வழியாக வீட்டுக்கு நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

மாரத்தானை நடத்தியது ஓட்டக் கழகம். அதன் செயலாளர் சௌந்தரபாண்டி என்ற கீரி. ஒரு இடத்தில் நிற்க மாட்டார். எந்தக் கேள்வி கேட்டாலும் "எல்லாம் ரெடியா இருக்குங்க" என்பார். மார்கழியில் நடத்தலாம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் கொடியசைக்கச் சிங்கத்தைக் கூப்பிட்டார்கள். சிங்கத்துக்குக் கத்திரி வெயிலில்தான் ஒரு ஞாயிறு ஒழிந்திருந்தது. ஆகவே கத்திரி வெயிலில் வைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே எல்லோரும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். செண்பகவல்லிக்குக் கொடுத்த பனியனில் தலைமட்டும் நுழைந்தது. கீரியிடம் காட்டினாள்.

"இதுதான் இருக்கிறதுலயே பெருசும்மா. கழுத்துல கிடக்கட்டும், பார்க்க மாலை மாதிரி இருக்கு."

மேடையில் ஒரு கரடி ஏறி, உடம்பைச் சூடாக்கிக்கொள்ள எல்லோரும் ஆட வேண்டும் என்றது. பாட்டுப் போட்டார்கள். ஆடினார்கள். கொஞ்ச நேரம் ஆடினால் போதும் என்றுதான் கரடியும் நினைத்தது. ஆனால் சிங்கம் வரவில்லை. சிங்கம் எழுந்துவிட்டது என்று தகவல் வந்தது, இன்னொரு பாட்டுப் போட்டார்கள். சிங்கம் குளிக்கிறது என்று தகவல் வந்தது, இன்னும் இரண்டு பாட்டுப் போட்டார்கள். சூரியன் மேலே ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் சிங்கம் வந்து இறங்கியபோது பாதிப்பேர் ஓடி முடித்த களைப்போடு நின்றார்கள். கரடியை நிழலில் படுக்கவைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

சிங்கம் கொடியை அசைத்தது. கூடவே, ஒரு மரியாதைக்கு, மெல்லக் கர்ஜித்தது. முதல் நூறு அடி தூரத்தை அந்த ஊரில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

பாதை சுலபம். மைதானத்தில் கிளம்பி, கண்மாய்க்கரையோடு போய், பைபாஸ் முக்கில் திரும்பி, அதே வழியில் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். எல்லோருக்கும் முன்னால் ஹரிபிரசாத் என்ற புள்ளிமான் ஓடினான். அவன் கையில் ஒரு கடிகாரம் கட்டியிருந்தான். அது எத்தனை அடி வைத்தான், எத்தனை தடவை மூச்சு விட்டான், நேற்று எப்படித் தூங்கினான் எல்லாம் சொல்லும். அவன் காலைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தே ஓடினான்.

எல்லோருக்கும் பின்னால் செண்பகவல்லி ஓடினாள். முதல் திருப்பத்தில் புல் இருந்தது. நிஜமாகவே பச்சைப்பசேல் என்று இருந்தது. அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பாமல் தாண்டிவிட்டாள். கண்ணில் லேசாகத் தண்ணீர்கூட வந்தது.

அதற்கப்புறம் தண்ணீர்ப் பந்தல். கிளிகள் வரிசையாக நின்றன. பாத்திரங்கள் காலி.

"தண்ணி இல்லையா?"

"சூப்பர்! சூப்பர்! இன்னும் கொஞ்ச தூரம்தான்!" என்றன கிளிகள்.

"ஒரு வாய் கிடைச்சாப் போதும்."

"கமான்! விடாதீங்க! இன்னும் கொஞ்ச தூரம்தான்!"

அடுத்த பந்தலிலும் அதே கதை. தண்ணீர் முன்னால் போனவர்களோடு தீர்ந்துவிட்டது, உற்சாகம் மட்டும் எத்தனை பேருக்கு ஊற்றினாலும் குறையாமல் இருந்தது.

எருமையின் கறுப்புத் தோலில் வெயில் விழுந்தால் என்ன ஆகும் என்று எருமைக்குத்தான் தெரியும். முதுகில் தோசை ஊற்றலாம் போலிருந்தது. நாக்கு வெளியே வந்துவிட்டது. அப்போது பின்னால் சக்கரம் உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். திரும்பியவள் அலறிவிட்டாள்.

பின்னால் ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. மற்ற ஊர்களில் குட்டியானை என்றால் சின்ன லாரி. இந்த ஊரில் நிஜமாகவே ஒரு குட்டையான யானைதான் வண்டியை இழுத்தது. வண்டிமேல் ஒரு பிணந்தின்னிக் கழுகு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டு வந்தது.

"பயப்படாதீங்கக்கா" என்றது கழுகு. "என் பேரு தவசிக்கண்ணு. கழகத்துல இருந்துதான் அனுப்பியிருக்காங்க. கடைசியா ஓடுறவங்களுக்குப் பின்னால வரணும், முடியாதவங்களை ஏத்திக்கிட்டுப் போய் மைதானத்துல இறக்கிவிடணும். அதான் வேலை."

"இந்த வேலைக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க" என்று தவசிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டது. "ஆனா பாருங்க, போன வருஷமும் நான்தான். ஒருத்தரும் வண்டியில ஏறலை. விழுந்து கிடந்த பன்றிகூட என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிப்போய்ப் பதக்கம் வாங்கிடுச்சு. கழகத்துல எனக்குப் பாராட்டு. எனக்குத்தான் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. ஒருத்தராவது ஏறி உக்காந்து, நாலு வார்த்தை பேசிக்கிட்டு வரமாட்டாங்களான்னு."

செண்பகவல்லிக்குப் பாவமாக இருந்தது. இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். அவள் சர்க்கரையைப் பற்றிச் சொன்னாள். அது தன் வழுக்கையைப் பற்றிச் சொன்னது. கண்மாய்க்கரைக்கு வந்ததும் அவள் கால்கள் பின்னிக்கொண்டன. கண் இருட்டியது.

"அக்கா, போதும். 'விட்டுட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. விதி அப்படி. நீங்க வாயால சொன்னாத்தான் ஏத்த முடியும்."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். டீக்கடை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

கண்மாய் வற்றிக் கிடந்தது. மடைக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீரும் நிறையச் சேறும் இருந்தன. செண்பகவல்லி அதைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. கால்கள் தாமாகச் சரிவில் இறங்கின. தொம்மென்று ஒரு சத்தம். அப்புறம் தண்ணீருக்குமேல் இரண்டு கொம்புகள், மூக்கு, கழுத்தில் கிடந்த பனியன்.

"அக்கா! விட்டுட்டீங்களா?"

"இல்லை."

"அப்போ வெளிய வாங்க."

"வரலை."

தவசிக்கண்ணு விதியை மனதுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தது. விட்டுவிட்டேன் என்று சொல்லாதவர்களை ஏற்றக் கூடாது. கடைசி ஆளை விட்டுவிட்டு முன்னால் போகவும் கூடாது. வண்டியைக் கரையில் நிறுத்தி, யானையை அவிழ்த்துவிட்டு, அதுவும் காத்திருந்தது.

தண்ணீருக்குள் உடம்பு குளிர்ந்துவிட்டது. மனசுதான் காந்தியது. 'அந்த மனுஷன் சொன்னது பலிச்சுருச்சே. புல்லுக்குப் பதிலா சேறு, அவ்வளவுதானே வித்தியாசம்' என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. தண்ணீருக்குள் அழுததால் யாருக்கும் தெரியவில்லை.

நேரம் போனது. பைபாஸ் முக்கில் திரும்பி முதல் ஆளாக ஹரிபிரசாத் வந்தான். போகும்போது ஓடிய ஓட்டம் இல்லை. நான்கு கால்களும் நான்கு திசையில் போயின. கடிகாரம் விடாமல் பேசிக்கொண்டே வந்தது.

"என்னப்பா சொல்லுது அது?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"மூணு நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுதுக்கா" என்றான் மூச்சு வாங்க. "தண்ணி எப்படி இருக்கு?"

"மேல கொஞ்சம் சூடா இருக்கு. அடியில ஜில்லுனு இருக்கு."

ஹரிபிரசாத் மைதானத்தின் பக்கம் பார்த்தான். வெள்ளையாகக் கானல் ஆடியது. "ஒரு காலை மட்டும் நனைச்சுக்கிறேன்" என்று இறங்கினான். ஒரு கால் நனைந்ததும் மற்ற மூன்றுக்கும் பொறாமை வந்துவிட்டது.

அடுத்து ஒரு முயல் வந்தது. பின்னாலேயே இரண்டு நரிகள், ஒரு தீக்கோழி. "முதல்ல ஓடினவனே படுத்திருக்கான், நாம என்ன அவசரமா போய்" என்று ஒவ்வொன்றாக இறங்கின. கொஞ்ச நேரத்தில் ஊரே கண்மாயில் கிடந்தது. நரியின் முதுகில் முயல் தலைவைத்துப் படுத்திருந்தது. நகராட்சி ஆன பிறகு அந்த ஊரில் இவ்வளவு ஒற்றுமையை யாரும் பார்த்ததில்லை.

மைதானத்தில் சிங்கம் கோப்பையோடு உட்கார்ந்திருந்தது. கோட்டைத் தாண்ட ஒருவரும் வரவில்லை. மதியம் அதற்கு மான்கள் நலச் சங்கத்தில் விருந்து. பசி வேறு.

"என்ன செக்ரட்டரி, ஜெயிச்சது யாரு?"

"எல்லாம் ரெடியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கீரி பாதையில் பறந்தார். கண்மாயைப் பார்த்தார். தலையில் கை வைத்தார். மேலே வரச் சொல்லிக் கெஞ்சினார், மிரட்டினார், பதக்கத்தை ஆட்டிக் காட்டினார். ஒருவர்கூட அசையவில்லை. அவர் கால் எரிந்தது. தானும் ஓரமாக இறங்கி நின்றுகொண்டு யோசித்தார். யோசனை அங்கேதான் வந்தது.

திரும்பி ஓடி, மைதானத்து முடிவுக்கோட்டில் காற்றடித்து நிறுத்தியிருந்த பெரிய வளைவையும் மேடையையும் சிங்கத்தையும் கண்மாய்க்கு அழைத்து வந்தார். வளைவைத் தண்ணீர் ஓரத்தில் நட்டார்கள்.

"இதுதான் முடிவுக்கோடு" என்று மைக்கில் அறிவித்தார். "வெயிலை முன்னிட்டுக் கழகம் எடுத்த முடிவு. இந்தக் கோட்டை யார் முதல்ல தாண்டினாங்களோ அவங்களுக்குத்தான் முதல் பரிசு. தவசி, நீதானே இங்க இருந்தே. யார் முதல்ல தண்ணியில இறங்கினது?"

தவசிக்கண்ணுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "செண்பகவல்லி அக்கா."

"அவங்க ஓட்டத்தை விட்டுட்டேன்னு சொன்னாங்களா?"

"நான் கேட்டேன். சொல்லலைங்க."

"அப்புறம் என்ன? முதல் பரிசு செண்பகவல்லி!"

ஹரிபிரசாத் சேற்றிலிருந்து துள்ளி எழுந்தான். "நான் பைபாஸ் வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன் சார்! அவங்க இதுவரைக்கும்தான் வந்திருக்காங்க!"

"தம்பி, தூரத்தைப் பத்திப் பேசாதீங்க" என்றார் கீரி. "கோட்டுல இறங்காம பைபாஸ் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தது உங்க தப்பு."

ஹரிபிரசாத் கடிகாரத்தைப் பார்த்தான். அது, மன அழுத்தம் அதிகமாக இருக்கிறது, ஆழமாக மூச்சு விடவும் என்றது. அவன் மூச்சு விட்டுக்கொண்டே இரண்டாம் பரிசை வாங்கிக்கொண்டான்.

செண்பகவல்லி கூச்சத்தோடு மேலே வந்தாள். "ஐயா, நான் ஓடி முடிக்கலைங்க. சூடு தாங்காம இறங்கிட்டேன், அவ்வளவுதான்."

"அடக்கம்!" என்றது சிங்கம். கோப்பையை அவளிடம் திணித்துவிட்டு விருந்துக்குக் கிளம்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். பத்திரிகைக்காரக் காகம் அவள் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டு, வெயிலோடு போராடி வென்ற வீராங்கனை என்று எழுதிக்கொண்டது.

கூட்டம் கலைய வேண்டிய நேரம். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. "முடிவுக்கோட்டை ரெண்டாவதா தாண்டினவங்களும் அதுக்கப்புறம் தாண்டினவங்களும் தோத்தவங்கதானே, விட்டுட்டோம்னு வாயாலயே சொல்றோம், எங்களை வண்டியில ஏத்திக்க" என்றது தீக்கோழி. தவசிக்கண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதன் வாழ்நாளில் முதல்முறையாக வண்டி நிறைந்தது. வண்டிக்குமேல் துணிப்பந்தல் இருந்தது. யாரோ பாட்டுக்கூட ஆரம்பித்தார்கள்.

செண்பகவல்லி ஒரு காலைத் தூக்கி வண்டியில் வைத்தாள்.

"அக்கா, நீங்களா?" என்று தவசிக்கண்ணு பதறியது. "நீங்க ஏறக் கூடாதுக்கா. வண்டி முடியாதவங்களுக்கு. நீங்க ஜெயிச்சவங்க."

"தவசி, நிக்க முடியலைப்பா."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கணும்க்கா. இப்போ சொன்னா கோப்பையைத் திருப்பிக் கொடுக்கணும். சிங்கம் போயிருச்சே. யார்கிட்ட கொடுப்பீங்க?"

வண்டி கிளம்பியது. உள்ளே இருந்து எல்லோரும் அவளுக்குக் கையசைத்தார்கள். செண்பகவல்லி வெயிலில் கொதித்த அந்த வெண்கலக் கோப்பையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு, புழுதிக்குப் பின்னால் நடந்தாள். வழிநெடுகக் கிளிகள் இன்னும் நின்றன. இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றன.

நீதி: கத்திரி வெயிலில் யாரும் ஜெயித்துத் தொலைக்கக் கூடாது, தோற்றவர்களுக்குத்தான் வண்டி.