தலகாணி மேல பூசணிக்காய்

"தலகாணி மேல வெச்சு வெட்டுங்க மாமா. சத்தம் வராது," பெரியவ ரகசியக் குரல்ல சொன்னா.

மாமா வெச்சார். பூசணிக்காய் மெத்துன்னு அமுங்கி, மாப்பிள்ளை மாதிரி சாஞ்சு உட்கார்ந்துச்சு. கத்தியை அமுக்கினா காய் வெட்டுப்படலை. தலகாணிதான் வெட்டுப்பட்டுச்சு. பஞ்சு எட்டிப் பார்த்துச்சு.

"சூப்பர்," அப்படின்னா பெரியவ. ரெண்டாங் கிளாஸ் படிக்கறா, ஆனா பேச்செல்லாம் மாமியார் பேச்சு.

மாமாங்கறது முறைக்குத்தான். மீசையே இப்பத்தான் ஒழுங்கா வந்திருக்கு. ஊரு விட்டு ஊரு வந்து, வேலை தேடிக்கிட்டு, அக்கா வீட்டு ஹால்ல படுத்துக்கிட்டு இருக்கார். அக்கா ராத்திரி டூட்டி நர்ஸ். இன்னைக்குன்னு பார்த்து ஆஸ்பத்திரியில பகலுக்கும் நிறுத்திட்டாங்க. அக்கா பொண்ணு பெரியவளோ, வீட்லயே பூசணிக்காய் ரொட்டி செஞ்சு நாளைக்குக் கொண்டு வருவேன்னு கிளாஸ் முழுக்கச் சொல்லி வெச்சுட்டா.

"நீயே செஞ்சு குடுத்துடுடா," அக்கா போன்ல சொல்லியிருந்தா. "எப்படி செய்யணும்னு பெரியவளுக்குத் தெரியும். சத்தம் மட்டும் வரக்கூடாது. கீழ ஹவுஸ் ஓனர் இருக்கார், ஞாபகம் இருக்கட்டும்."

"தெரியும்க்கா. வந்த அன்னையில இருந்து சாக்ஸ் போட்டுக்கிட்டுத்தான் நடக்கறேன்."

"இன்னொரு தடவை சத்தம் வந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவார். பகல்ல அவருக்குக் காது ரொம்ப கூர்மை. நீ இங்க தங்கியிருக்கறதும் அவருக்குத் தெரியாது. புகை வந்தா அடிக்கற அலாரம் வேற ரெண்டு வீட்டுக்கும் சேர்த்துதான். மேல அடிச்சா கீழயும் அடிக்கும். பார்த்துக்க."

அப்ப இருந்து மாமாவுக்கு ஒரே கேள்வி. தன்னால அக்கா குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துட்டா? ஊர்ல அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?

கத்தியைக் காய்க்குள்ள ஒருவழியா இறக்கினார். போனது போனதுதான், திரும்பி வரலை. கத்தியைத் தூக்கினா காயும் கூடவே வந்துச்சு.

"நான் கீழ பிடிச்சுக்கறேன் மாமா," வாண்டு ஓடி வந்தான். பெரியவளோட தம்பி. பூசணிக்காய் உயரம்தான் அவனும்.

"நீ தள்ளி நில்லுடா."

அவனைத் தள்ளி நிறுத்தக் கை எடுத்தார். பூசணிக்காய் தரையில விழுந்துச்சு. வீடே ஒரு குலுங்கு குலுங்கிச்சு.

மூணு பேரும் அப்படியே நின்னாங்க. பெரியவ தரையில காதை வெச்சுக் கேட்டா.

"என்ன கேக்குது?"

"ஒண்ணுமே கேக்கலை மாமா."

மாமாவுக்கு அதுதான் பயம். வந்த நாள்ல இருந்து கீழ இருந்து ஒரு தும்மல், ஒரு இருமல் கேட்டதில்லை. மனுஷன் எப்பவும் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்போல.

ஒரு நல்லது, காய் ரெண்டா பொளந்திருந்துச்சு. குக்கர்ல வெச்சா விசில் வரும். அதனால சும்மா பாத்திரத்துல போட்டு வேக வெச்சாங்க. வெந்ததும் மசிக்கணும்.

"கையால மசிங்க," அப்படின்னா பெரியவ.

"மிக்ஸியைக் கம்பளியில சுத்திட்டா ஒரு சத்தமும் வராது. மாமா மூளையைப் பாரு."

பகல்ல தூங்கறப்போ அக்கா இழுத்துப் போர்த்திக்கற கம்பளி. அதை மிக்ஸிக்குப் போர்த்தி, குழந்தையை மடியில வெச்ச மாதிரி கட்டிப் பிடிச்சுக்கிட்டு பட்டனைத் தட்டினார். சத்தம் நிஜமாவே கம்மிதான். ஆனா கம்பளிக்குள்ள மூடி எப்போ கழண்டுச்சுன்னு தெரியலை. மாமா வயித்துப் பக்கம் சூடா, ஈரமா ஏதோ பரவிச்சு.

"மாமா உச்சா போயிட்டார்," வாண்டு சந்தோஷமா சொன்னான்.

"கத்தாதடா. பூசணிக்காய்டா இது."

கம்பளியில இருந்து வழிச்சதே ஒரு கிண்ணம் வந்துச்சு. கம்பளியை அலசணும், வாஷிங் மெஷின் போட்டா தரை அதிரும். பாத்ரூம்ல நனைச்சு, பிழியக்கூடத் தைரியம் இல்லாம பால்கனியில தொங்க விட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு எட்டிப் பார்த்தா, கீழ்க் கொடியில ஒரு வெள்ளைச் சட்டை. அது மேல மஞ்சளா சொட்டு சொட்டா விழுது.

"ஓனர் சட்டை," அப்படின்னா பெரியவ.

மாமா ஓடினார். கம்பளியை உருவி உள்ள கொண்டு வந்து சோபா மேல போட்டார். இப்ப சோபாவும் மஞ்சள்.

"இதோ பாருங்க, இனிமே யாரும் வாயே திறக்கக் கூடாது. எல்லாம் சைகைதான்."

அதுக்கப்புறம் சமையல்கட்டுல ஊமை நாடகம். பெரியவ முட்டையைத் துண்டுல பொதிஞ்சு அமுக்கினா. ஓட்டோட விழுந்துச்சு, ஒவ்வொண்ணா பொறுக்கினா. மாவு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் போட்டாச்சு. சோடா மாவு டப்பா வாண்டு கையில. எவ்வளவுன்னு கண்ணால கேட்டான். மாமா ஒரு விரலைக் காட்டிட்டு, ஜன்னல் வழியா யாராவது பார்க்கறாங்களான்னு பார்க்கப் போயிட்டார்.

மாவைத் தகரத் தட்டுல ஊத்தி ஓவன் அடுப்புக்குள்ள வெச்சு, கண்ணாடி வழியா மூணு பேரும் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தாங்க. நல்ல வாசனை வந்துச்சு. மாமா முகத்துல முதல் தடவையா சிரிப்பு.

வாண்டு அவர் சட்டையை இழுத்தான். "மாவு மூச்சு விடுது மாமா."

விட்டுச்சு. மேல ஏறிச்சு. தகரத்தோட விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்துச்சு.

மாமா சோடா டப்பாவைக் கவுத்துப் பார்த்தார். காலி.

"எவ்வளவுடா போட்ட?"

"ஒண்ணு காட்டினீங்க. ஒரு டப்பா போட்டேன்."

மாவு பொங்கி அடுப்புத் தரையில விழுந்து கருக ஆரம்பிச்சுச்சு. "திறக்காதீங்க மாமா, புகை வெளிய வரும்," அப்படின்னா பெரியவ. மாமா அதுக்குள்ள திறந்துட்டார்.

அலாரம் அலறிச்சு. கீழயும் சேர்ந்து அலறிச்சு, நல்லா கேட்டுச்சு. மாமா நாற்காலி மேல ஏறித் துண்டை வீசினார், நிக்கலை. துடைப்பத்தால தட்டினார். அலாரம் கழண்டு ஒயர்ல தொங்கிக்கிட்டே கத்திச்சு. ஈரக் கம்பளியை எடுத்து அதோட வாயை மூடினார். நாற்காலி சரிஞ்சு, மாமா, கம்பளி, அலாரம் மூணும் ஒண்ணா தரைக்கு வந்துச்சு.

சத்தம் நின்னுடுச்சு. கீழயும் நின்னுடுச்சு.

கொஞ்ச நேரத்துல கதவுல ஒரே ஒரு விரல் தட்டற சத்தம்.

பெரியவ ஸ்டூல் போட்டு கதவு ஓட்டையில பார்த்தா. "அவர்தான் மாமா. செருப்பைக் கழட்டிக் கையில வெச்சிருக்கார்."

செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஒரு ஆள் மாடி ஏறி வந்தா எதுக்குன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"நாம தெருவுல தூங்குவோமா மாமா?" வாண்டு கேட்டான். உதடு பிதுங்கிச்சு.

மாமா அவன் தலையில ஒட்டியிருந்த மாவைத் தட்டி விட்டார். "நீங்க எங்கயும் போக மாட்டீங்கடா. நான் போயிடறேன்னு சொல்லிடறேன். தப்பு என்னோடது."

கதவைத் திறந்தார். நடுவயசு மனுஷன். ஒரு கையில செருப்பு, இன்னொரு கையில மஞ்சள் புள்ளி விழுந்த சட்டை. முகத்தை நிமிர்ந்து பார்க்க மாமாவுக்குத் தைரியம் வரலை.

"சார், எல்லாம் என்னாலதான். அக்காவுக்கும் பிள்ளைங்களுக்கும் இதுல சம்பந்தம் இல்லை. அவங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க. நான் இன்னைக்கே கிளம்பிடறேன்."

அந்த மனுஷன் பதறிப் போய் உதட்டுல விரலை வெச்சார். வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்தார்.

"மெதுவா பேசுங்க சார். அம்மா எழுந்துட்டாங்களா?"

"எந்த அம்மா?"

"உங்க அக்காதான். முகஜாடையே சொல்லுதே. கீழ என் வீட்ல ரொட்டியைக் கருக விட்டு அலாரம் அடிக்க விட்டது நான்தான் சார். உங்க கம்பளிக்குக் கீழ சட்டை காயப் போட்டதும் என் தப்புதான். அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"எங்க அக்காகிட்டயா? நீங்க எதுக்கு சார் அவளுக்குப் பயப்படணும்?"

அந்த மனுஷன் செருப்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, இன்னும் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாம என்ன சார், பகல்ல மூச்சு விடற சத்தம்கூட மேல வரக்கூடாதுன்னு சொல்லித்தானே அவங்க எனக்குக் கீழ் வீட்டை வாடகைக்கே விட்டாங்க."