மறியலின் நன்னடத்தைத் தேர்வு

வளர்ப்பு நாய்களின் ஒழுக்கம் நாளுக்கு நாள் சீர்கெட்டு வருவதை நகராட்சி ஆழ்ந்த கவலையுடன் கவனித்து வந்தது. உடைந்த குடிநீர்க் குழாய், எரியாத தெருவிளக்கு முதலான சில்லறை விவகாரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, ஊரிலுள்ள நாய்க்குட்டிகள் அனைத்தும் நன்னடத்தைத் தேர்வில் தேற வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும். இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும். கூப்பிட்டால் வர வேண்டும். கை கேட்டால் கை கொடுக்க வேண்டும். தேறாத குட்டி, ஊருக்கு வெளியே உள்ள சீர்திருத்தக் காப்பகத்துக்கு அனுப்பப்படும். அங்கே போன நாய் எதுவும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. திருந்தியதாகவும் தெரியவில்லை.

இந்த ஆணையைக் கொண்டுவந்து, தெருவே தலைவர் என்று அழைக்கும் பெரியவரின் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அவருடைய நாய்க்குட்டி அதை எட்டி இழுத்துப் பாதியைத் தின்றுவிட்டது.

"சபாஷ்!" என்றார் தலைவர்.

"என்ன சபாஷ்? உள்ள போயிடுச்சில்ல, ஏத்துக்கிட்ட மாதிரிதான்" என்றாள் அவர் மனைவி.

தலைவர் என்பது பட்டப்பெயர். அவர் தலைமை தாங்கிய ஆலைத் தொழிலாளர் சங்கம் எப்போதோ மூன்றாக உடைந்து, மூன்றும் காணாமல் போய்விட்டன. பெயர் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. எந்த அதிகாரத்துக்கும் தலைவணங்காதவர் என்று அவரைப் பற்றிப் பல துண்டறிக்கைகள் கூறுகின்றன. அவற்றை எழுதியவரும் அவரே. வாசிக்க ஆளில்லாமல் பரண் நிறையக் கட்டுக்கட்டாகக் கிடந்தவை, குட்டி வந்த பிறகு கீழே இறங்கின. வீட்டுக்குள் அது கண்ட இடத்தில் ஈரம் செய்யாமலிருக்க அவற்றைத்தான் மூலையில் விரித்தார்கள். மக்கள் புறக்கணித்த அந்த இலக்கியத்தில் குட்டி ஒரு பக்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

குட்டிக்கு மறியல் என்று பெயர். வந்த அன்றே வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டு யாரையும் உள்ளே விடாததால் அமைந்த பெயர். பிள்ளைகள் தங்கள் வழியில் போய்விட்ட அந்த வீட்டில், அவர் பேசுவதை எழுந்து போகாமல் முழுதாகக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான். காப்பகம் என்ற சொல்லைப் படித்ததிலிருந்து தலைவருக்குச் சோறு இறங்கவில்லை. அதை அவர் வெளிக்காட்டவில்லை. "இது கொள்கைப் பிரச்சினை" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தெருவில் அப்போது நாய் நல்வாழ்வு ஆலோசகர் வைத்துக்கொள்வது கௌரவமாக இருந்தது. அடுத்த வீட்டில் நாய்க்கு ஆலோசகர் வைத்த பிறகுதான் பையனுக்கு டியூஷன் வைத்தார்கள். மனைவி தொல்லை பொறுக்காமல் தலைவரும் ஒருவரை வரவழைத்தார். தொளதொளச் சட்டை போட்ட அந்த இளைஞர் தரையில் சம்மணமிட்டு, மறியலின் கண்ணைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார். மறியல் கொட்டாவி விட்டது.

"சார், குட்டிக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கா?"

"சங்கத்துலயே யாருக்கும் இருந்ததில்ல. பாவம், இதுக்கு மட்டும் எப்படி வரும்?" என்றாள் மனைவி.

"அப்ப ரொம்ப சுலபம் சார். இந்த வீட்ல நீங்கதான் முதலாளின்னு குட்டிக்குப் புரிய வைக்கணும்."

தலைவர் எழுந்து நின்றார். "யாரைப் பாத்து முதலாளிங்கற? என் வீட்டுல வந்து உக்காந்துக்கிட்டு? எந்திரிடா மொதல்ல!"

இளைஞர் எழுந்தார். போகச் சொன்னதும் போனார். அவ்வளவு நன்றாகப் பழக்கப்பட்ட ஒருவரை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

அதன்பின் தலைவர் தாமே தோழமை முறைப் பயிற்சியை வகுத்தார். இதில் ஆணையிடுவது கிடையாது, கோரிக்கை வைக்கலாம். அதட்டல் கிடையாது, பேச்சுவார்த்தை உண்டு. "தோழரே, தயவுசெய்து உக்காருங்க" என்பார். தோழர் அவருடைய செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கும். பிறகு அது குரைக்கும். கோரிக்கையில் நியாயம் இருப்பதாகக் கருதி அவர் பிஸ்கட் கொடுப்பார். மறியல் இதிலிருந்து இயக்கத்தின் அடிப்படைகளை விரைவாகக் கற்றுக்கொண்டது. அடுப்படி வாசலில் இடைவிடாத குரைப்பு, பிஸ்கட் வந்ததும் தற்காலிக வாபஸ், தின்று முடித்ததும் அடுத்த கட்டப் போராட்டம்.

"ஆலையில நீங்க கேட்டு வாங்கினதைவிட இது அதிகமா வாங்கிடுச்சு" என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல் அவர் செய்து காட்டத் தொடங்கினார். அவர் தரையில் உட்கார்ந்தால் குட்டியும் உட்கார்ந்தது. எழுந்தால் எழுந்தது. முழங்கால் வலியோடு அவர் கூடத்தைச் சுற்றிச் சுற்றித் தவழ்ந்தபோது பின்னாலேயே வந்தது.

"பாத்தியா, கத்துக்கிச்சு!"

"கத்துக்கிட்டது யாருன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் உரிக்கப் போனாள்.

தேர்வு நாள் வந்தது. நகராட்சி அலுவலகத்தில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. சில நாய்கள் சட்டை போட்டிருந்தன. ஒன்று காலணிகூட அணிந்திருந்தது. அது நடக்க முடியாமல் நின்ற இடத்திலேயே நின்றதை, அடக்கம் என்று அதன் எஜமானி எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். தலைவர் நெஞ்சுக்குள் ஓர் உரையைத் தயார் செய்து வைத்திருந்தார். "ஒரு வாயில்லா ஜீவனின் சுயமரியாதை..." என்று அது தொடங்கும்.

முறை வந்தது. அதிகாரி தலை நிமிரவில்லை.

"உக்காருங்க."

தலைவர் உட்கார்ந்தார். மறியலும் உட்கார்ந்தது.

"இருங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி தேநீர் குடித்தார். பக்கத்து மேசைக்காரரிடம் மாமனார் வீட்டு விவகாரம் பேசினார். தலைவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். குட்டியும் அசையாமல் இருந்தது.

"எந்திரிங்க. அந்தப் பக்கமா வாங்க."

இருவரும் எழுந்து அந்தப் பக்கம் போனார்கள்.

"இங்க இல்ல, மறுபடி இந்தப் பக்கம்."

வந்தார்கள்.

"கையைக் குடுங்க."

தலைவர் கட்டை விரலை மைப்பெட்டியில் அழுத்தக் கையை நீட்டினார். கீழே மறியலும் முன்னங்காலை நீட்டியது.

"முடிஞ்சது. தேர்ச்சி" என்றார் அதிகாரி.

"எது முடிஞ்சது? நீங்க நாய்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலையே?"

"நாய்கிட்ட நாங்க எதுக்குங்க பேசணும்? வளர்க்கறவரு அடங்கினா வளர்றது அடங்கும். ஆணையிலயே இருக்கு, படிக்கலையா?"

அந்தப் பாதியைத்தான் மறியல் தின்றிருந்தது.

தலைவருக்கு ரத்தம் தலைக்கேறியது. "நான் யார் தெரியுமா? ஒருத்தன் சொல்லுக்கும் நான் அடங்கினதில்ல! இதை வன்மையாக் கண்டிக்கிறேன்!"

அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்தார். முகத்தில் கோபமில்லை. "தாராளமாக் கண்டிங்க பெரியவரே. நீங்க அடங்காதவருன்னே எழுதிக்கிறேன். தேர்ச்சியை ரத்து பண்ணிடலாம். மறுபடி தேர்வு வைக்கிறவரை குட்டி காப்பகத்துல இருக்கும். என்ன, எழுதட்டுமா?"

மறியல் அவருடைய காலில் முகத்தைத் தேய்த்தது. அந்த உரை முழுவதும், ஒரு வரி குறையாமல், தலைவரின் தொண்டையில் தயாராக நின்றது.

"வேணாங்க" என்றார். பிறகு, அதுவும் போதாது போலத் தோன்றியதால், "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றார்.

அப்போது உள்ளறையிலிருந்து மணி அடித்தது. மேலதிகாரியின் மணி. அதிகாரி பேனாவைப் போட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைப் பூட்டியபடி உள்ளே ஓடினார். மற்ற மேசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். வரிசை நிமிர்ந்து நின்றது. ஏன் என்று தெரியாமலே தலைவரும் நிமிர்ந்து நின்றார்.

மறியல் மட்டும் நிற்கவில்லை. அது ஒரே தாவலில் அதிகாரியின் நாற்காலியில் ஏறிப் படுத்து, மேசை மேல் தாடையை வைத்துக்கொண்டது.

வரிசையில் அடுத்து நின்றவர், நாய்க்குட்டியை மார்போடு அணைத்தபடி, பணிவாக நாற்காலியின் முன்னால் வந்தார்.

"ஐயா, நான் உக்காரலாங்களா?"

மறியல் குரைத்தது. அவர் உட்கார்ந்தார்.