ஆண் முயலுக்கு ஆளிவிதை எண்ணெய்

ஆண் முயலின் மனக்கஷ்டத்தை உலகம் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆரணியில் ஒரே ஒருவர் புரிந்துகொண்டார். பட்டுப்புடவை வியாபாரி ஜெயவேல்தான் அந்த மகான்.

புடவை வியாபாரம் மந்தமான சமயத்தில் அவர் மாடியில் தகர ஷெட் போட்டு முயல் வளர்ப்பில் இறங்கினார். போளூர் பண்ணையிலிருந்து ஓர் ஆணும் சில பெட்டைகளும் வந்து சேர்ந்தன. ஆணின் ரோமத்தைப் பட்டு நூலைப்போல விரலால் தேய்த்துப் பார்த்து, "ஒரிஜினல்" என்று சான்றளித்தார். மாதங்கள் ஓடின, குட்டி பிறக்கவில்லை. பழுதான புடவையை நெய்தவரிடமே திருப்பிக் கொடுப்பது ஆரணி வியாபாரியின் கைப்பழக்கம். அதன்படி பெட்டைகளைப் "பழுது" என்று போளூருக்குத் திருப்பி அனுப்பி வேறு வாங்கினார். அவையும் பழுதாயின.

வீட்டிலும் இதே பழக்கம்தான். கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. மனைவி சிவசங்கரி வேலூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தாள், ஸ்கேன் எடுத்தாள், கண்ட மாத்திரைகளையும் விழுங்கினாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை, கணவரை அழைத்து வாருங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று ஜெயவேலுக்குக் கடையில் "முக்கிய ஜோலி" வந்துவிட்டது. அது இன்றுவரை முடியவில்லை. சிவசங்கரியிடம் கையெழுத்து வாங்கி அவளை விலக்கிவிட்டு, கண்ணமங்கலத்தில் வேறு பெண் பார்ப்பதென்று அவருடைய அம்மா ராஜம்மாள் முடிவு செய்திருந்தாள். சிவசங்கரிக்கு வயிறெரிந்தது. அதைக் கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை.

இந்த நிலையில் போளூர் பண்ணைக்காரர் போன் செய்தார்.

"நீங்க திருப்பிக் குடுத்த பெட்டைங்க இங்க வேற ஆணோட சேந்து குட்டியா போட்டுகினு இருக்குதுங்க. உங்க ஆணை ஒருவாட்டி டாக்டராண்ட காட்டுங்க."

ஜெயவேல் ஆடிப்போனார். ஆனாலும் விஞ்ஞானத்தை மதிப்பவர் அல்லவா? முயலைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்து, ஆட்டோ பிடித்துக் கால்நடை டாக்டர் மதிவதனியிடம் தூக்கிப் போனார். தகர ஷெட்டின் வெக்கையில் விந்து கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். நிழலில் வைத்து, தீவனத்தில் தினமும் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெயும் பூசணிவிதை எண்ணெயும் கலந்து கொடுக்கச் சொன்னார்.

"பெட்டைக்கும் குடுக்கலாமா மேடம்?"

"பெட்டை நல்லாத்தான் இருக்குது. அதை ஏன் பேஜார் பண்றீங்க?"

அன்று முதல் வீட்டில் "ஆண் நலத் திட்டம்" அமலுக்கு வந்தது. சிவசங்கரி படுக்கிற அறையின் மின்விசிறி முயலுக்கு மாற்றப்பட்டது. எண்ணெயை ஜெயவேலே தம் கையால் கலந்தார். முயல் கொழுத்தது, மினுமினுத்தது, கடைசியில் அப்பாவும் ஆனது. செய்தி பரவி, வியாபாரிகள் சங்கம் ஆண்டுவிழாவில் அவருக்குச் சால்வை போர்த்தியது. அவரும் மனம் திறந்து பேசினார்.

"குட்டி இல்லன்னா பெட்டைமேல பழி போடறது முட்டாள்தனம். எத்தினி பெட்டைய மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. மொதல்ல ஆணைத்தான் டெஸ்ட் பண்ணணும். அதுல வெக்கப்பட இன்னா இருக்குது?"

கைதட்டல் ஓய வெகுநேரமானது. முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் செல்போனில் பிடித்த சிவசங்கரி, வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"நல்லா பேசினீங்க. வீடியோவைக் கண்ணமங்கலத்துப் பொண்ணு வீட்டுக்கும் அனுப்பிட்டேன். போய்ட்டு வாங்க, கையெழுத்தை அப்பறம் பேசிக்கலாம்."

பெண் வீட்டில் தம் மதிப்பு ஏறும் என்று ஜெயவேல் உள்ளூரப் பூரித்தார்.

ஏறத்தான் ஏறியிருந்தது. பெண்ணின் அப்பா அய்யாக்கண்ணு வாசலுக்கே வந்து வரவேற்றார். வீடியோவை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்ததாகவும், இப்படி ஒரு நியாயவாதியைக் கண்டதில்லை என்றும் புகழ்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்க டெஸ்ட்ல இன்னா வந்துதுங்க? அதைத் தெரிஞ்சிகினு பொண்ணைக் கூப்பிடறேன்."

கூட வந்திருந்த ராஜம்மாள் சுவரைப் பார்த்தாள். ஜெயவேல் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது முயலுங்க. நான் ஆம்பளை."

அய்யாக்கண்ணு பெண்ணைக் கூப்பிடவே இல்லை. எவ்வளவு தெளிவான பதில். இந்தத் தெளிவு நம்மில் வீட்டுக்கு வீடு இருப்பதால்தான், ஆஸ்பத்திரி பெஞ்சில் பெண்கள் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.