வெள்ளிக்கிழமைக் காற்று

உராய்வைச் சொந்தப் பகையாளியாக நினைத்து, அதனோடு தினமும் மல்லுக்கு நின்ற மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் சிட்னியில், நார்த்மீட்டில் இருந்தார். அவர் வீட்டுப் பின்னறையில் நான் மூன்று வருஷம் வாடகைக்கு இருந்திருக்கிறேன். பயோடேட்டாவில் இதைப் படிப்புக்கு மேலே போட்டிருக்க வேண்டும், தோன்றாமல் போய்விட்டது.

பெயரைக் கேட்காதீர்கள், ஊருக்கே அவர் உராய்வு அங்கிள்தான். யாழ்ப்பாணத்துக்காரர். சிட்னியில் முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். எந்த இயந்திரம் கெட்டாலும் அதற்கு உராய்வுதான் காரணம் என்பது அவர் கட்சி. இயந்திரம் என்ன, மனுஷனுக்கு முழங்கால் வலித்தாலும் அதேதான்.

நான் திருச்சியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து அந்த வீட்டில் பெட்டியை இறக்கிய முதல் நாள், 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்பதற்கு முன்பே என் அறைக் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார். மறுநாள் ஜன்னலுக்கு. அதற்கடுத்த நாள் என் பெட்டியின் சக்கரங்களுக்கு. ஸ்ட்ராத்ஃபீல்டில் மளிகை வாங்கப் போனால் கடைத் தள்ளுவண்டியைக் குப்புறக் கவிழ்த்து, சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுப்பார். கடைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு பழுதான வண்டிகளையெல்லாம் அவருக்கென்றே வாசலில் எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு நாள் ஒரு பத்திரிகைக் கட்டுரை சிக்கியது. காந்தத்தின் மேல் மிதக்கும் காற்றாலை. நிமிர்ந்த தண்டு, அதைச் சுற்றி நெட்டுக்குத்தாக மூன்று பிளேடுகள், அடியில் ஒன்றையொன்று தள்ளும் இரண்டு காந்த வளையங்கள். மேல் வளையம் கீழ் வளையத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். தொடாவிட்டால் ஏது உராய்வு? அங்கிள் அந்தப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டியபோது குரல் கம்மியது. கலியாணத்துக்குப் பெண் கிடைத்த செய்தியைக்கூட அவர் அப்படி வாசித்திருக்க மாட்டார்.

காந்தங்கள் தபாலில் வந்தன. அன்றிலிருந்து வீட்டில் இரும்பு என்று எதுவும் சொன்ன இடத்தில் இருக்கவில்லை. வரவேற்பறை டிவியில் மனிதர்கள் எல்லோரும் ஊதா நிறமாகிப் போனார்கள். அங்கிளின் மனைவி அன்ரியின் தோசைக்கல் ஒரு வளையத்தோடு ஒட்டிக்கொண்டு மூன்று நாள் வரவில்லை. ஆளுக்கொரு பக்கம் நானும் அங்கிளும் இழுத்தோம். அந்த மூன்று நாளும் வீட்டில் புட்டுதான். அப்படி இழுத்தபோது என் சட்டைப் பையில் வார ரயில் டிக்கெட் இருந்ததை நான் மறந்துவிட்டேன். திங்கட்கிழமை பரமட்டா ஸ்டேஷனில் டிக்கெட்டைச் செருகினால் கேட் திறக்கவில்லை, அதன் காந்தப் பட்டை அழிந்துபோயிருந்தது. டிக்கெட்டை எதன் பக்கத்தில் வைத்திருந்தீர்கள் என்று ஊழியர் கேட்டார். காற்றாலை என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்துக் கேட்டைத் திறந்து விட்டார்.

காந்தம் மட்டும் வைத்து எதையும் அந்தரத்தில் நிறுத்த முடியாது. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அதற்காகத் தண்டின் மேலும் கீழும் சின்னதாக ஒவ்வொரு பேரிங் போட்டே ஆக வேண்டும். இந்த உண்மை தெரிந்த அன்று அங்கிள் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. உராய்வு கொல்லைப்புற வழியாக உள்ளே வந்துவிட்டதாம்.

கராஜின் பக்கத்தில் கம்பம் நட்டு, கூரை உயரத்தில் காற்றாலை ஏறியது. பிளேடுகளுக்குப் பச்சை வண்ணம். விரலால் தள்ளிவிட்டால் தேநீர் குடித்து முடிக்கும்வரை சத்தமில்லாமல் சுற்றும், அத்தனை அழகு. ஒரே ஒரு குறைதான். விரலால் தள்ள வேண்டியிருந்தது.

நார்த்மீட்டில் காற்று கிடையாது. இருக்கிற கொஞ்சமும் கூரைகளிலும் யூகலிப்டஸ் மரங்களிலும் முட்டி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சுழன்று வரும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டுக் காட்டினேன். காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். உராய்வை அடியோடு ஒழித்தாலும் மிச்சமாவது சொற்பம், நமக்குப் பற்றாக்குறை காற்றுதான் என்றேன். அங்கிள் கணக்கை இரண்டு தரம் சரிபார்த்தார்.

"கணக்குச் சரி தம்பி," என்றார். "மெசினில பிழையில்லை எண்டுதானே இது சொல்லுது. காத்திலதான் பிழை."

காற்றாலை உண்டாக்கிய மின்சாரம் ஒரு பழைய கார் பேட்டரியில் சேர்ந்து, கராஜில் ஒரு குட்டி பல்பை எரித்தது. அந்த பல்புக்கு ஒரே ஒரு வேலை. எவ்வளவு மின்சாரம் வந்திருக்கிறது என்று காட்டும் மீட்டரைப் படிக்க வெளிச்சம் தர வேண்டும்.

அன்ரிக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை, அல்லது அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். அவர் துணி காயப்போடும், விரித்த குடை போல ஒற்றைக் காலில் சுழலும் குடைக்கொடி காற்றாலைக்கு நேர் கீழே இருந்தது. நாலு சேலை போட்டால் அது லேசான காற்றுக்கே ஜம்மென்று சுற்றும், காற்றாலை மேலே நின்று வேடிக்கை பார்க்கும். "இஞ்சாருங்கோ, என்ர கொடியில ஒரு வயரைக் கொழுவிப் பாருங்கோவன்," என்பார் அன்ரி. வருகிற விருந்தாளிகள் முன்னால், உந்தச் சனியனை எப்ப இறக்கப்போறியள் என்று வாரம் தவறாமல் கேட்பார்.

பிறகுதான் ஆட்டம் ஆரம்பித்தது. அதாவது, காற்றாலை ஆட ஆரம்பித்தது. கொஞ்சம் காற்று கிடைத்துச் சுற்றினால் 'டக், டக்' என்று கம்பமே அதிரும். அங்கிள் ஏணியில் ஏறி, பிளேடுகளின் வெளிப்புறத்தில் ஐந்து சென்ட் காசுகளை ஒட்டி எடையைச் சமன் செய்வார். ஏணியில் ஏறும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். தான் விழுந்தாலும் கண்ணாடி உடையக்கூடாதாம். ஒரு வழியாகச் சமன் ஆகும், இரண்டு நாள் சத்தமிருக்காது, மறுபடி டக், டக்.

அங்கிள் விடுகிற ஆளா? காசு ஒட்டுவதை விட்டுவிட்டு, ஒரு நோட்டுப் போட்டு எழுதினார். ஐந்து வாரம் கழித்து நோட்டை என் முன் விரித்தார். வெள்ளிக்கிழமை ஆட்டம் உச்சம். சனி, ஞாயிறு கடுமை. செவ்வாயில் இறங்குமுகம். வியாழக்கிழமை கப்சிப். ஐந்து வாரமும் இதே கதை.

வெள்ளிக்கிழமைக் காற்றே வேறு என்ற முடிவுக்கு அவர் வந்தார். அன்று மத்தியானம் ஜனங்கள் வார இறுதிக்காக வின்சர் ரோட்டில் வண்டியை விரட்டுகிறார்கள், அதில் காற்று கலங்கிவிடுகிறது. இதை நிரூபிக்க ஒரு வெள்ளிக்கிழமை ரோட்டோரமாகக் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். உதவி கேட்கிறார் என்று நினைத்து மூன்று கார்கள் நிறுத்தின.

கைக்குட்டை ஆராய்ச்சி முடிவதற்குள் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அயலில் யாரோ சத்தம் தாங்காமல் புகார் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், சத்தம் இருந்தால் காற்றாலையை இறக்க வேண்டும். வருகிற நாள், வேறென்ன, வெள்ளிக்கிழமை.

அந்த வாரம் அங்கிள் எதற்கும் எண்ணெய் போடவில்லை. கராஜில் அந்தக் குட்டி பல்பின் கீழே உட்கார்ந்திருந்தார். விட்டால் போகிறது, வேறு ஏதாவது செய்யலாம் அங்கிள் என்று ஆறுதல் சொல்லப் போனேன்.

"முப்பது வருசம் ஆரோ செய்த மெசினைத் திருத்தினனான் தம்பி," என்றார். "இது ஒண்டுதான் நான் செய்தது."

வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டேன்.

அன்று காலை அங்கிள் வழக்கம்போல மரக்கறி வாங்கப் போய்வந்தார், நானும் கூடப் போனேன். மத்தியானம் அதிகாரி வந்தார். நெட்டையான, சிரித்த முகமுள்ள பெண். காற்றாலை சுற்றினால்தானே சத்தத்தைக் கேட்க முடியும்? அன்று வெயில் கொளுத்தியது, ஓர் இலைகூட அசையவில்லை. அதிகாரி காத்திருந்தார். அன்ரி தேநீரும் வடையும் கொடுத்தார். மூன்றாவது வடையில் தெற்குக் காற்று வந்தது. சிட்னியில் கொளுத்தும் நாட்களின் முடிவில் கதவைத் தள்ளிக்கொண்டு வருமே, அந்தக் காற்று. முதலில் அன்ரியின் சேலைகள் சுற்றின. பிறகு காற்றாலை.

டக், டக், டக்.

அதிகாரியின் பேனா காகிதத்தில் ஓட ஆரம்பித்தது. அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். நான் கம்பத்தைக் கட்டிப் பிடித்துப் பார்த்தேன், என் பற்களும் சேர்ந்து டக், டக் என்றன. காற்று ஒரு கணம் ஓய்ந்து பிளேடுகள் மெதுவானபோது, நெட்டைப் பெண் எட்டிப் பார்த்து, உள்ளே ஏதோ ஒரு பழம் இருக்கிறதே என்றார்.

அங்கிள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். பிளேடின் உட்குழிவில், பச்சைக்குள் பச்சையாக, பச்சை நூலால் கட்டிய ஒரு தேசிக்காய். நம்மூர் எலுமிச்சைதான். அன்றைக்குக் கட்டியது, பளபளவென்றிருந்தது.

மூவரும் அன்ரியைப் பார்த்தோம். அன்ரி துணிக்கொடியைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் அங்கிள் மரக்கறிக்குப் போனதும் அன்ரி ஏணி போட்டு ஏறியிருக்கிறார். வாடிய தேசிக்காயை எடுத்துவிட்டு, கைக்கு எட்டிய ஏதோ ஒரு பிளேடில் புதிதாக ஒன்றைக் கட்டியிருக்கிறார். அது வாரம் முழுக்கக் காய்ந்து எடை குறைந்து வியாழக்கிழமை சுருங்கிப் போகும். வின்சர் ரோட்டின் மேல் வீணாகப் பழி.

"வாற சனமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பாக்குது, நாவூறு படாதே?" என்றார் அன்ரி, யாரையும் பார்க்காமல். அவர்கள் ஊரில் திருஷ்டிக்கு நாவூறு என்று பெயர். "உந்த மெசினைச் செய்யத் தொடங்கினாப் பிறகுதான் நீங்கள் காலமை சிரிச்சுக்கொண்டு எழும்பிறியள்."

ஏணி மேலிருந்து இடி விழப்போகிறது என்று நான் கம்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"எத்தினை கிராம்?" என்றார் அங்கிள்.

"நான் நிறுத்தோ கட்டினனான்?"

"இன்னும் ரெண்டு கொண்டு வாரும். மூண்டும் ஒரே நிறையா இருக்கோணும்."

அன்ரி குசினிக்கு ஓடினார். கேக்குக்கு மா நிறுக்கும் தராசில் தேசிக்காய்களை மாற்றி மாற்றி வைத்து, ஒரே நிறையில் இரண்டைத் தேர்ந்தெடுத்து வந்தார். நான் காசுகளைச் சுரண்டி எடுத்தேன். பிளேடுக்கு ஒன்றாக மூன்று தேசிக்காய். அடுத்த வீச்சில் காற்றாலை சுற்றியது பாருங்கள்! சேலைகள் படபடத்த சத்தம்தான் கேட்டது. அதிகாரி காதுக்குக் கையை அணை கொடுத்துக் கேட்டார், கம்பத்தில் காதை வைத்தும் கேட்டார். ஒன்றுமில்லை. கடைசியில், அந்தப் பழங்கள் எதற்கு என்று கேட்டார். நான் நாவூறை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று விழித்தேன்.

"பேலன்ஸ் வெயிட், மேடம்," என்றார் அங்கிள்.

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. காற்றாலை இருக்கலாம், இரண்டு நிபந்தனைகள். ஒன்று, கம்பத்தை ஓர் அடி குறைக்க வேண்டும். இரண்டு, பேலன்ஸ் வெயிட்டுகளைத் தவறாமல் பராமரிக்க வேண்டும். அரசாங்கமே சொல்லிவிட்டதே என்று அன்ரி அந்தக் கடிதத்தைச் சாமி அறையில் வைத்தார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைத் தேசிக்காய்களைப் பொறுக்கியதும் எடை பார்த்ததும் அங்கிள்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டது அன்ரி.

அந்தக் காற்றாலை கடைசிவரை அந்த ஒரு பல்பைத் தவிர வேறெதையும் எரிக்கவில்லை. சிட்னி வீடுகளுக்கு அது சரிப்படுமா என்று யாராவது கேட்டால், கூரை மேல் காற்று இருந்தால் வாங்குங்கள் என்று ஒழுங்காகத்தான் பதில் சொல்கிறேன்.

பிறகு எனக்குக் கலியாணமாகி, சொந்த வீடு வாங்கிப் போனேன். பால் காய்ச்சிய அன்று அன்ரி வாசலில் தேசிக்காய் கட்டினார். அங்கிள் எண்ணெய்க் குப்பியோடு அத்தனை கதவுகளையும் ஒரு சுற்று வந்துவிட்டு, இனி இங்கே எனக்கு வேலையில்லை தம்பி என்றார். அந்தச் சொல் எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. அவர்கள் கார் கிளம்பியதும் வாசல் கதவின் மேல் கீலைத் துணியால் அழுத்தித் துடைத்தேன், அது மறுபடி கிறீச்சிட ஆரம்பிக்கும்வரை.