அரக்கு முத்திரையிட்ட காட்ரிட்ஜ்

சேசு மரி சூசை

எடமலைப்பட்டி புதூர், திருச்சி
9.10.1984

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை இருதயநாதன் அவர்களுக்கு, மாமனார் அற்புதசாமி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை பாக்கியமேரியும் இங்கே சுகம். உங்களுக்காகவும் முழுகாமல் இருக்கும் மகள் ரோசரிக்காகவும் தினமும் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை தவறாமல் நடக்கிறது.

முதலில் நன்றி. உங்கள் கம்பெனியை மூடிவிட்டார்கள், அடுத்த மாதம் ஐந்தாம் தேதி புதுக் கம்பெனிக்காரர்களிடம் நீங்கள் செய்த வீடியோ கேமைக் காட்டினால்தான் வேலை, அதன் ஒரே பிரதி போன கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கென்று குட்டி டிவியோடும் விளையாட்டுப் பெட்டியோடும் விட்டுப்போன, அதில் சொருகுகிற ஆறு கேம் காட்ரிட்ஜில் தவறிக் கலந்துவிட்டது, 'அந்த புரோட்டோடைப்பைப் பார்த்தாலே தெரியும் மாமா, அனுப்பிவையுங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அடையாளம் ஒன்றும் சொல்லாமல் என் கண்ணை நம்பினீர்கள் பாருங்கள், அதற்குத்தான் நன்றி. அந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தபோது, லீவில் வந்த நீங்கள் ஊர் சுற்றாமல் ஆஸ்பத்திரியில் பத்து நாள் எனக்குச் சொட்டு மருந்து விட்டீர்கள். விளையாட்டு செய்து பிழைக்கிறவருக்கா பெண் கொடுப்பது என்று கல்யாணத்துக்கு முன்பு நான் முரண்டு பிடித்ததை நினைத்து அன்றைக்கே வெட்கப்பட்டேன். சொல்ல வாய் வரவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ரயில்வே ஸ்டோர்ஸில் முப்பத்து மூன்று வருஷம் சரக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவனுக்குப் புரோட்டோடைப் தெரியாதா? சப்ளை செய்கிறவன் முதலில் ஒரு மாதிரி கொண்டுவருவான். கீறல் இல்லாமல், கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். அதற்கு அரக்கு முத்திரை வைத்து அலமாரியில் பூட்டுவோம். பிறகு லாரியில் வந்து இறங்குகிற சரக்குதான் கோணல் மாணலாக இருக்கும். ஆகவே ஆறில் எது லட்சணமோ அதுதான் மாதிரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தாலும் உங்கள் பிழைப்புச் சமாச்சாரம், ஒருவன் பார்ப்பதைவிட இருவர் பார்ப்பது நல்லது என்று ஆறையும் மஞ்சள்பையில் போட்டுக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, என்னோடு ரிட்டயரான இன்ஸ்பெக்டர் வரதுவைப் பார்க்க ஸ்ரீரங்கம் போனேன். பஸ்ஸில் பக்கத்திலிருந்த அம்மாள் பையை எட்டிப் பார்த்து, சோப்பு டப்பா எந்தக் கடையில் வாங்கியது என்று திருவானைக்காவல் வரும்வரை விடவில்லை.

வரது பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். ஐந்து காட்ரிட்ஜில் பளபளவென்று கலர்ப் படமும் பெயரும் அச்சடித்திருந்தது, ஸ்குரூ ஒழுங்காக முடுக்கியிருந்தது. ஆறாவதைப் பார்த்ததும் உங்கள் கம்பெனியை ஏன் மூடினார்கள் என்று எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. படம் கிடையாது. மேலே பிளாஸ்திரி ஒட்டி ஏதோ நம்பரும் தேதியும் பேனாவால் கிறுக்கியிருந்தது. மூடி பாதி வாயைத் திறந்துகொண்டு நிற்க, உள்ளே பச்சைத் தகட்டில் கையால் பற்றவைத்த ஈயம் பிதுங்கிக்கொண்டிருந்தது. நடுவே கறுப்பாக ஒரு சில்லு, அதன் மேல் ஒரு துண்டுக் காகிதம். காகிதத்தின் ஓரத்தில் சின்னக் கண்ணாடி ஜன்னல் மாதிரி ஒன்று தெரிந்தது. விரிசலை மறைக்கத்தான் ஒட்டியிருக்கிறார்கள் என்று நான் நகத்தால் பிய்க்கப் போனேன். வரது கையைப் பிடித்துக்கொண்டார். "விடும் ஓய். ரிஜெக்ட் பண்ணின சாமான்ல கை வைக்கறது நம்ம வழக்கமா?" என்றார்.

ஐந்தில் ஆகாயக் கப்பல் படம் போட்ட ஒன்று மூக்கும் முழியுமாக இருந்தது. ஏகமனதாக அதைப் பாஸ் செய்தோம். வழியில் எவனும் சரக்கை மாற்றிவிடக் கூடாதென்று, பெட்டிக்குள் சொருகுகிற வாய்ப்பக்கத்தில் அரக்கை உருக்கி ஊற்றி, வரதுவின் மோதிரத்தால் முத்திரை குத்தி, இருவரும் கையெழுத்திட்ட சர்டிபிகேட்டும் தயார் செய்தோம். வீட்டுக்கு வந்ததும் உங்கள் அத்தை இரண்டையும் வாங்கி முறுக்கு டின்னில் வைத்துத் துணி போட்டுத் தைத்துவிட்டாள். உங்கள் ஊரிலிருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போகிற நம் தெரு டாக்டர் கமருன்னிசாவிடம் இன்று காலை ஒப்படைத்தேன். மெட்ராஸில் பத்து நாள் தங்கிவிட்டு விமானம் ஏறுகிறார், அதனால் கடிதம் முந்திக்கொள்ளும். நீங்கள் எனக்குச் செய்ததற்கு நான் திருப்பிச் செய்த ஒரே காரியம் இது. நெஞ்சு நிறைந்திருக்கிறது.

அடைக்கலமாதா உங்களையும் ரோசரியையும் பிறக்கப்போகிற பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். வரதுவும் தன் பெருமாளிடம் உங்களுக்காகச் சொல்லிவைத்திருக்கிறார்.

இப்படிக்கு, என்றும் நன்றி மறவாத மாமனார்,
ம. அற்புதசாமி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய், அரிசி டின்னுக்குள்ளிருந்து அரக்கு முத்திரையோடு ஆகாயக் கப்பலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். டாக்டரம்மாவிடம் போயிருப்பது பிளாஸ்திரி போட்டதாம். மத்தியானம் நான் தூங்குகிற நேரமெல்லாம் ஆறையும் மாற்றி மாற்றிச் சொருகி விளையாடியிருக்கிறாள், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். "கடையில வாங்குன அஞ்சுலயும் குழியில விழுந்தா செத்துப் போயிடுறாங்க. இதுல மட்டும் அந்த ஆளு எந்திரிச்சு நடக்குறான். சத்தமும் வரல, பாதியிலயே நின்னுபோகுது. இன்னும் செஞ்சு முடிக்காதது இதுதானேங்க?" என்றாள். என் முப்பத்து மூன்று வருஷ சர்வீஸை அவள் அரிசி டின்னிலேயே மூடிவிட்டாள். சர்டிபிகேட் மட்டும் முறுக்கு டின்னிலேயே வருகிறது, தயவுசெய்து புதுக் கம்பெனியில் யாருக்கும் காட்ட வேண்டாம். மேலே எனக்காக நான் பட்டுக்கொண்ட பெருமையை எல்லாம் அவள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை எழுதும்போது பக்கத்திலேயே நின்று இன்னொன்றும் எழுதச் சொல்லுகிறாள்: "வேலை கெடச்சு மாப்பிள்ளை அதைச் செஞ்சு முடிக்கும்போது, அந்தக் குழியை மட்டும் சரிபண்ண வேணாம்னு எழுதுங்க."