முட்டுச்சந்தில் ஒரு வௌவால்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். முழுக்கப் படித்து முடித்த பிறகும் அதையே நம்பு. நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

வெறிநாய்க்கடி வைரஸ் பற்றிய உன் கட்டுரை கிடைத்தது. அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவன் சும்மா படிப்பேனா? சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். நாயிலிருந்து நரிக்கு, ஒரு வௌவாலிலிருந்து வேறு இன வௌவாலுக்கு என்று அது வீடு மாறுமாம், போன இடத்தில் பெரும்பாலும் ஒட்டாமல் அதோடு முடிந்துவிடுமாம், தன்னை நகலெடுக்கையில் பிழை விடுமாம், திருத்த ஆளே கிடையாதாம், அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்றுதான் எப்போதாவது புது வீட்டில் காலூன்ற வைக்குமாம். அடக் கடவுளே, என்னை வேலைக்கு வைத்திருந்தால் உலகத்துக்கு இந்தத் தொல்லையே இருந்திருக்காது!

மறுநாளே குளியலறை ஜன்னல் வழியாக ஒரு வௌவால் நுழைந்து என் துண்டில் தொங்கியிருக்கிறது, கண்ணாடி போடாமல் துண்டை இழுத்தேன், விரலில் சுருக்கென்றது, இரண்டு புள்ளி ரத்தம். உன் அம்மா ஆஸ்பத்திரி என்றாள். நான் உன் கட்டுரையை நீட்டினேன். சொந்தம் நெருங்க நெருங்கத்தான் வைரஸ் சுலபமாகத் தாவும், வௌவால் நமக்கு எந்த வகையில் சொந்தம்? போதாக்குறைக்கு, மனிதன் அந்த வைரஸுக்கு முட்டுச்சந்து என்று நீயே எழுதியிருக்கிறாய்.

"முட்டுச்சந்துன்னா அது வெளிய போக முடியாதுன்னுதான் அர்த்தம். உள்ள வந்து உங்கள முடிச்சிட்டுத்தான் அதுவும் முடியும்! சொந்தமில்லையாமே? அது தலைகீழா தொங்குது, நீங்க இத்தன வருஷமா தலைகீழா நிக்கிறீங்க. கெளம்புங்க!"

கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து இழுத்துக்கொண்டு போனாள். வயிற்றில்தான் ஊசி என்று நான் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்க, நர்ஸம்மா, "அதெல்லாம் அந்தக் காலம் சார், கையக் காட்டுங்க" என்று சிரித்தாள். கடித்த விரலிலும் மருந்து ஏற்றினார்கள். மிச்ச ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டால் பயமில்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாதான், உன் உயரத்தை அளந்து கோடு போட்ட கதவோரம் நின்று அழுதாள். நான் கல்லு மாதிரி இருந்தேன். இதற்கெல்லாம் லீவு போடாதே, வேலையைப் பார்.

எங்கள் ஆசி உன் தலைமேல் எப்போதும் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: பிழை திருத்தம். மேலே அம்மா அழுததாக இருக்கும் இடத்தில் அப்பா என்று வாசிக்கவும். லீவு பற்றிய வரியை அடித்துவிடவும். அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை காலை. வந்துடும்மா.