மூன்று புட்டிப் பிரெஞ்சுச் சாயம்

யார் வரக் கூடாது என்று நினைக்கிறோமோ அவர்தான் இலை போடுகிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார். எனக்கு இது இளவயதில், ராசிபுரத்தில், மச்சான் உருவத்தில் விளங்கியது.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வருவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். என் சிநேகிதன் பொன்னுசாமி புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுத் துரையிடம் குமாஸ்தாவாக இருந்தான். லீவில் வந்தவன் மூன்று ஒயின் புட்டிகளைத் துணி மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டான். துரை வீட்டு விருந்தில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒவ்வொரு ஒயினாம். மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு, கடைசிப் பலகாரத்துக்கு இனிப்பு. மாற்றிக் குடித்தால் மரியாதை போய்விடுமாம். (அதுவரை மொந்தையில் கள் குடித்தவனுக்கு வந்த மரியாதையைப் பாருங்கள்.) எனக்கும் பெருமை தலைக்கேறிவிட்டது. "எங்க ஊட்லயே விருந்து வெச்சுக்கலாம்டா" என்றேன்.

சமைக்க வேண்டியவள் என் மனைவி அங்கம்மாள். கோழி ரசம், காவேரி மீன் வறுவல், ஆட்டுக்கறிக் குழம்பு, பாயசம் என்று பொன்னுசாமி அடுக்கியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், "ஏனுங்க, தயிர் சோத்துக்கு எதைக் குடிப்பாங்களாம்?" என்றாள். பொன்னுசாமி கூரையைப் பார்த்தான். துரை வீட்டில் தயிர் சோறு கிடையாது.

கேலி செய்தாளே ஒழிய, உள்ளுக்குள் அவளுக்கு ஒரே பயம். எடப்பாடியில் இருக்கும் அவள் அண்ணன் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்கிறவர். அவருடைய தம்பிக்கு என் தங்கை செல்லம்மாவைக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மச்சான் இன்னும் பதில் சொல்லவில்லை. செல்லம்மாவோ அந்தப் பையன் பேரைக் கேட்டாலே முகம் சிவந்து உள்ளே ஓடுவாள். "குடிக்கிற ஊடுன்னு எங்கண்ணன் காதுல உழுந்தா, அவ கல்யாணம் அதோட சரிங்க" என்றாள் அங்கம்மாள். எடப்பாடி எங்கே, ராசிபுரம் எங்கே என்று நான் பெரிய சூரன் மாதிரி சொல்லிவிட்டேன்.

வெள்ளை ஒயின் குளிர்ந்திருக்க வேண்டுமாம். பங்குனி வெயிலில் குளிர்ச்சிக்கு எங்கே போவது? நெசவாளி வீட்டில் எந்நேரமும் ஈரமாய்க் குளுகுளுவென்று இருக்கிற இடம் தறிக்குழிதான். தறியில் உட்கார்ந்தவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற பள்ளம் அது. பிரித்து வைப்பானேன் என்று மூன்று புட்டிகளையும் அதிலேயே இறக்கி, ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

விளக்கு வைத்ததும் நானும் பொன்னுசாமியும் இன்னும் இரண்டு சிநேகிதர்களும் இலை முன்னால் உட்கார்ந்தோம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வெண்ணந்தூருக்குப் பாவு நூல் வாங்க வந்தனுங்க மாப்ள. அப்படியே தங்கச்சியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மச்சான்!

"வாங்க மச்சான், சாப்பிடலாம்" என்று இலையைக் காட்டினேன். அவர் கண் இலைக்குப் போகவில்லை. பாதி நெய்து நிற்கிற சேலையைக் கண்டால் நெசவாளிக்குக் கை சும்மா இருக்காது. அடுத்த வீட்டுத் தறியானாலும் நாலு இழை ஓட்டிப் பார்த்தால்தான் மனசு ஆறும். "கரை நல்லா உழுந்திருக்குதுங்களே" என்றபடி போய்த் தறியில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டார்.

கிணிங் என்றது.

"குழிக்குள்ள என்னங்க மாப்ள?"

பொன்னுசாமி தன் வெறும் இலையில் எதையோ தேடினான். மச்சான் குனிந்து சிவப்புப் புட்டியை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். செல்லம்மாவின் கல்யாணம் அந்தப் புட்டிக்குள் மூழ்கிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

"சாயமுங்க மாமா."

சொன்னவள் செல்லம்மா. ரசச் சட்டியோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "பொன்னுசாமி அண்ணன் புதுச்சேரியில இருந்து கொண்டாந்தாருங்க. சூடு பட்டாக் கெட்டுப் போயிருமாம்." குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை.

"அப்படீங்களா? முக்கிப் பாத்துறலாம்" என்றார் மச்சான்.

(சாயம் என்று சொன்னால் நெசவாளி வேறென்ன செய்வான்?)

ஒரு குண்டாவைக் கொண்டுவரச் சொன்னார். சிவப்பைக் கடகடவென்று கவிழ்த்தார். வெள்ளை நூல் சிட்டம் ஒன்றை எடுத்து அதில் முக்கினார்.

"அந்த வெள்ளைப் புட்டி எதுக்கம்மிணி?"

"சாயம் கெட்டியாப் புடிக்கிறதுக்குங்க மாமா."

அதுவும் குண்டாவுக்குள் போனது.

"இது?"

"பளபளப்புக்குங்க."

அதுவும் போனது. பொன்னுசாமியிடமிருந்து கன்றைப் பிரிந்த மாடு போல ஒரு முனகல் வந்தது. வீடு முழுக்க வாசம் தூக்கியது. மச்சான் நனைந்த விரலை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார். எனக்கு வேட்டி நனையாமல் இருந்தது தெய்வச் செயல்.

"நல்ல சாயமுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு இலையில் வந்து உட்கார்ந்தார். ரசத்துக்கும் மீனுக்கும் கறிக்கும் பாயசத்துக்கும் நாங்கள் பானைத் தண்ணீரையே குடித்தோம்.

கொஞ்ச நாளில் வெற்றிலை பாக்கோடு வந்து நிச்சயம் செய்துவிட்டுப் போனார்கள். கண்டம் தப்பியது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். செல்லம்மாவின் மூத்த பையனுக்குக் காது குத்திய அன்று மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மறியல் பண்றவனுக்கு அந்த வாசம் தெரியாதுங்களா மாப்ள? சண்டை எதுக்குன்னுதான் மூணையும் ஊத்திட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "அப்புறம் ஏனுங்க மச்சான் பொண்ணு எடுத்தீங்க?"

"என் தம்பி வாயில்லாப் பூச்சிங்க. சந்தையில வெலை சொல்றதுக்கே அவனுக்கு வேர்த்துப் போயிரும். பளபளப்புக்குன்னு அம்மிணி சொல்லுச்சு பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டனுங்க, இதுதான் நம்ம ஊட்டுக்கு வேணும்னு."

இன்றும் எங்கள் குடும்பத்தில் எவனாவது தள்ளாடிக்கொண்டு வந்தால், செல்லம்மாதான் முதலில் கேட்கிறாள்: "வெறும் சாயந்தானா, பளபளப்பும் உண்டா?"